கீழே போகப் போக வளரும் அதிகாரம்

காவல்துறைத் தலைமையும் மேலாண்மையும் பற்றி முதுகலை படிக்கச் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் ஸ்டேஷனில் வந்த முதல் கேள்வி, "பிரமோஷனுக்குக் கணக்குல எடுத்துக்குவாங்களா?" என்பதுதான். துறைக்கு வெளியே இருக்கும் நண்பர்களோ, "அதட்டுறதுக்குக்கூட டிகிரியா?" என்று சிரித்தார்கள். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை. தலைமை என்பது தோள்பட்டையில் இருக்கிறது, பதவி ஏற ஏற அதிகாரமும் ஏறும், மேலே ஒருவர் ஆணையிட்டால் கீழே அது நடந்துவிடும் என்ற நம்பிக்கை. படிப்பு முதல் செமஸ்டரிலேயே கைவைத்தது அதில்தான்.

ஜேம்ஸ் கியூ. வில்சன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் எட்டு ஊர்களின் காவல்துறைகளை ஆராய்ந்து 1968-இல் ஒன்றைச் சொன்னார். மற்ற நிறுவனங்களில் மேலே போகப் போகத்தான் சொந்தமாக முடிவெடுக்கும் இடம் விரியும். காவல்துறையில் கீழே இறங்க இறங்க விரிகிறது. படித்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு சாதாரண இரவை நினைத்துப் பார்த்தேன்.

நள்ளிரவு தாண்டி ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. அண்ணன் தம்பி தகராறு. தம்பியின் புருவத்தில் ரத்தம் வழிகிறது. அம்மா கதவை மறித்து நின்றுகொண்டு, "ஒண்ணுமில்ல சார், நீங்க போங்க" என்கிறார். உள்ளே ஒரு பெண் பேசாமல் நிற்கிறாள், யாரையும் பார்க்கவில்லை. சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத கான்ஸ்டபிள் அங்கே முடிவெடுத்தாக வேண்டும். கைதா, சமாதானமா, அண்ணனை அந்த ராத்திரிக்கு வேறெங்காவது போகச் சொல்வதா, அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பதா? ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு வேகமாக, இவ்வளவு தனியாக முடிவெடுக்கும் அதிகாரம் துறைத் தலைவருக்கே கிடையாது. அவர் மேசைக்கு வரும் கோப்பில் ஏற்கெனவே மூன்று பேர் குறிப்பெழுதியிருப்பார்கள். இங்கே கான்ஸ்டபிள் "இரு தரப்பும் சமாதானம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், மேலே உள்ள எவருக்கும் அந்தப் பெண் அங்கே நின்றதே தெரியாது. உடலில் மாட்டும் கேமரா வந்த பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் கேமராப் பதிவையும் யாரோ புகார் கொடுத்தால்தானே எடுத்துப் பார்க்கிறோம்?

அப்படியானால், நாம் இல்லாத அறையில் எடுக்கப்படும் முடிவை எப்படி நல்ல முடிவாக்குவது? இந்தப் பட்டம் முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது என்பேன். பாடத்திட்டத்தில் தலைமைக் கோட்பாடு, ஆய்வு முறைகள், பொறுப்புக்கூறல், மனிதவளம், நிதி, நெருக்கடி மேலாண்மை என்று தனித்தனிப் பெயர்கள் இருக்கும். நிதியும் மனிதவளமும் எந்த மேலாண்மைப் படிப்பிலும் கிடைப்பவைதான், அவற்றுக்காக இதில் சேர வேண்டியதில்லை.

சேர வேண்டியது பரிசோதனைகளுக்காக. காவல்துறையில் பரிசோதனையா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி.

1972 அக்டோபரில் தொடங்கி ஓராண்டு. அந்த நகரின் தென்பகுதியில் 15 ரோந்துச் சரகங்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் வழக்கமான ரோந்தை நிறுத்திவிட்டார்கள், அழைப்பு வந்தால் மட்டும் வண்டி போகும். இரண்டாவதில் எப்போதும்போல. மூன்றாவதில் ரோந்து வண்டிகள் இரண்டு மூன்று மடங்கு. ஆண்டு முடிவில் குற்றங்களின் எண்ணிக்கை, மக்களின் பயம், காவல்துறை மேல் இருந்த திருப்தி என்று எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ரோந்து நின்றதை அந்தச் சரகத்து மக்கள் கவனிக்கவே இல்லை.

எங்கள் வகுப்பில் இதைப் பேசிய அன்று யாரும் குறிப்பெடுக்கவில்லை, எல்லோரும் எதிர்வாதம்தான் செய்தார்கள். அழைப்புக்குப் போகும் வண்டியும் தெருவில் தெரியத்தானே செய்யும்? சரகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் குற்றவாளிக்கு எல்லைக்கோடு எப்படித் தெரியும்? அந்தக் காலத்து அளவுகோல் போதுமா? பேராசிரியர் எதையும் மறுக்கவில்லை. எல்லாமே நியாயமான விமர்சனங்கள், பல ஆய்வாளர்கள் எழுதியவையும்கூட. கடைசியில் அவர் ஒன்று கேட்டார்: "இத்தனை சந்தேகத்தையும் உங்கள் துறையின் கடைசி சர்க்குலர் மேல் எப்போதாவது வைத்திருக்கிறீர்களா?" ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் முடிவல்ல, தொடக்கம். அந்தப் பரிசோதனை தலைமை அலுவலகத்தில் உதித்ததில்லை. தங்கள் பகுதிப் பிரச்சினைகளைத் தாங்களே ஆராயச் சொல்லி அமைத்த குழுக்களில் ஒன்றில், தென்பகுதியின் ரோந்து அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த வாக்குவாதத்திலிருந்து வந்தது. இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதால் பயனுண்டா என்று சுற்றுகிறவர்களே கேட்டார்கள். தலைமை செய்தது, அந்தக் கேள்வியைக் கீழ்ப்படியாமை என்று எடுத்துக்கொள்ளாததுதான்.

ரோந்தே வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. பின்னால் வந்த ஆய்வுகள் வேறு பக்கம் வெளிச்சம் போட்டன. 1989-இல் குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் சகாக்களும் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது, நகரின் முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. அங்கே குறிவைத்துப் போனால் பலன் இருக்கிறது என்று அடுத்தடுத்த பரிசோதனைகள் காட்டின. பரவலாகச் சுற்றுவதும் குறிவைத்து நிற்பதும் வேறு வேறு வேலைகள். எத்தனை வண்டி, எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கணக்குக் கேட்கும் மேலதிகாரிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

அதே ஷெர்மன், அதே மினியாபோலிஸ், 1981-82. குடும்ப வன்முறை அழைப்புகளில் கைது செய்வதா, அறிவுரை சொல்வதா, ஆளைச் சில மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதா என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். அதிகாரிகள் கையில் நிற அடையாளமிட்ட படிவக் கட்டு, மேலே எந்த நிறமோ அதுதான் முடிவு. கைதானவர்கள் மறுபடி அடிப்பது குறைவு என்று 1984-இல் வெளியான முடிவு சொன்னது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் கட்டாயக் கைதுச் சட்டங்களை நோக்கி நகர்ந்தன. பிறகு வேறு நகரங்களில் அதே பரிசோதனையைச் செய்தபோது முடிவுகள் ஒத்துப்போகவில்லை. மில்வாக்கியில், வேலையில்லாதவர்களைக் கைது செய்தால் வன்முறை கூடுவதாகவே தெரிந்தது. சட்டம் முந்திக்கொண்டுவிட்டது, சரிபார்ப்பு பின்னால் வந்து சேர்ந்தது. ஆதாரம், ஆதாரம் என்று மேடையில் முழங்கும் எந்த அதிகாரியிடமும் நான் இப்போது கேட்பது, அது எத்தனை ஊரில் பார்த்த ஆதாரம் என்பதுதான்.

அடுத்தது எண்கள். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்த எவருக்கும் இந்தக் காட்சி தெரியும். திரையில் ஒரு பட்டை வரைபடம், சிவப்பு அம்பு, எழுந்து நிற்கும் இன்ஸ்பெக்டர். "ஏன் கூடியிருக்கு?" என்ற கேள்வி. அவர் சொல்லும் காரணம் உண்மையா என்று யாரும் பார்ப்பதில்லை, அடுத்த மாதம் அம்பு பச்சையானால் போதும். பச்சையாவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று கஷ்டமானது. இன்னொன்று பேனாவில் இருக்கிறது: திருட்டைப் "பொருள் காணாமல் போனது" என்று எழுதுவது, தாக்குதலை வாய்த்தகராறு ஆக்குவது, புகார்தாரரை நாளைக்கு வரச் சொல்வது.

1994-இல் நியூயார்க்கில் காவல் ஆணையர் வில்லியம் பிராட்டனும் அவருடைய துணை ஆணையர் ஜாக் மேப்பிளும் குற்றப் புள்ளிவிவரத்தை வைத்து அதிகாரிகளிடம் கணக்குக் கேட்கும் காம்ப்ஸ்டாட் முறையைத் தொடங்கியபோது அது நல்ல யோசனைதான். புள்ளிவிவரம் உடனுக்குடன் வேண்டும், அதற்குப் பொறுப்பான அதிகாரி பதில் சொல்ல வேண்டும். குற்றம் எங்கே நடக்கிறது என்றே தெரியாமல் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்ததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் எண்ணை வைத்துத் திட்டத் தொடங்கினால் எண்ணே வளையும். அங்கே ஓய்வுபெற்ற உயரதிகாரிகளிடம் கேட்டு நடத்திய ஆய்வுகள் அந்த அழுத்தத்தைப் பதிவு செய்திருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறை பதியும் குற்றப் புள்ளிவிவரத்துக்கு இருந்த "தேசியப் புள்ளிவிவரம்" என்ற தகுதியை 2014 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு காவல்துறைகளை ஆய்வு செய்யும் அங்குள்ள அமைப்பு தணிக்கை செய்து, மக்கள் வந்து சொன்ன குற்றங்களில் 19 சதவீதம் பதிவே ஆகவில்லை என்றது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று!

எண்களைப் பற்றிய வாரத்தில் காவல்துறையை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டீனின் 1979 கட்டுரையைப் படிக்கச் சொன்னார்கள். அது தொடங்குவது ஒரு பேருந்துக் கதையோடு. இங்கிலாந்தில் ஒரு தடத்தில் பேருந்துகள் நிறுத்தத்தில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தும் நிற்காமல் போகின்றன, ஓட்டுநர்கள் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டுப் போகிறார்கள் என்று புகார். நிர்வாகம் தந்த பதில்: பயணிகளை ஏற்ற நின்றுகொண்டிருந்தால் கால அட்டவணையைக் காப்பாற்ற முடியாது. காவல்துறை தன் அட்டவணையில், அதாவது ஆள்பலம், வண்டி, பதில் போகும் நேரம், படிவம் ஆகியவற்றில் மூழ்கி, எதற்காக ஓடுகிறோம் என்பதை விட்டுவிட்டது என்பது அவர் வாதம். ஒவ்வொரு அழைப்பையும் தனிச் சம்பவமாகப் பார்த்து மூடுவதற்குப் பதில், திரும்பத் திரும்ப வரும் பிரச்சினையைப் பிடி, அதன் வேரைப் பார், தீர்வு கைதுதான் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதே என்றார். இது எளிதாகக் கேட்கிறது. ஆனால் ஒரே முகவரிக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு "முடிக்கப்பட்டது" என்ற கணக்கைப் பெறுகிறார்கள். அந்த முகவரியிலிருந்து அழைப்பே வராமல் செய்தவருக்குக் கணக்கில் பூஜ்யம்.

இனி, முழுப் படிப்பிலும் என்னை அதிகம் உலுக்கிய ஆய்வு.

2009-10-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு பரிசோதனை. சாலையில் வண்டிகளை நிறுத்தி மது அருந்தியிருக்கிறாரா என்று ஊதச் சொல்லும் வழக்கமான சோதனைதான். பாதி முகாம்களில் அதிகாரிகள் எப்போதும்போலச் செய்தார்கள். மீதிப் பாதியில் கையில் ஒரு உரைக்குறிப்பு: உங்களைக் குறிவைத்து நிறுத்தவில்லை, எதேச்சையாக நிறுத்துகிறோம், இதை ஏன் செய்கிறோம் என்றால், விபத்தில் இறந்தவர் வீட்டுக்குப் போய்ச் செய்தி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், உங்கள் தரப்பில் ஏதாவது சொல்ல இருக்கிறதா, நேரம் தந்ததற்கு நன்றி. அவ்வளவுதான். அந்த ஓட்டுநர்கள் காவல்துறை நியாயமாக நடந்ததாக அதிகம் நினைத்தார்கள். உளவியல் அறிஞர் டாம் டைலர் போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும் இதுதான்: அபராதம் விழுந்ததா இல்லையா என்பதைவிட, தன்னை மனிதனாக நடத்தினார்களா என்பதை வைத்தே மக்கள் காவல்துறையை எடைபோடுகிறார்கள்.

இதை ஸ்காட்லாந்தில் 2013-14 குளிர்காலத்தில் செய்து பார்த்தார்கள். அதே யோசனை, நல்ல எண்ணம், கவனமான வடிவமைப்பு. முடிவு தலைகீழ். பரிசோதனைப் பிரிவுகளில் நிறுத்தப்பட்ட ஓட்டுநர்களின் நம்பிக்கையும் திருப்தியும் ஒப்பீட்டுப் பிரிவுகளைவிடக் குறைவாக இருந்தன.

ஏன்? ஆய்வாளர்கள் சாரா மெக்வீனும் பென் பிராட்ஃபோர்டும் பிறகு அதிகாரிகளையே உட்காரவைத்துப் பேசினார்கள். 2013 ஏப்ரலில்தான் அங்கே எட்டு காவல்துறைகளை ஒன்றாக இணைத்திருந்தார்கள். பழைய பிரிவுகள் கலைந்து, புது முறைகள் மேலிருந்து கொட்டிக்கொண்டிருந்த நேரம். அதன் நடுவில் இது. எதற்கு என்று சரியாக விளக்கப்படவில்லை. "மக்களிடம் மரியாதையாகப் பேசு" என்று எழுதிக் கொடுத்ததே, இத்தனை நாள் மரியாதை இல்லாமல் பேசினோமா என்று அவர்களைக் குத்தியது. தங்களிடம் யாரும் கேட்காமல் திணித்த ஆணை, மற்றவர்களிடம் "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்கச் சொன்னது. நியாயம் கிடைக்காதவர் வாயில் நியாயத்தை வைத்து அனுப்பினால் சாலையில் நிற்கும் ஓட்டுநருக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது.

நான் பார்த்த ஒவ்வொரு "மக்களோடு நட்பு" சர்க்குலரும் இதைப் படித்த இரவு நினைவுக்கு வந்தது. அவற்றின் வாசகம் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும். அதைப் பெற்றுக்கொண்டவர் விடுப்பு மறுக்கப்பட்டு, தொடர்ந்து பந்தோபஸ்து பார்த்து, மைக்கில் வசவு வாங்கிவிட்டு வந்திருப்பார்.

கோட்பாட்டு வகுப்புகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் படிப்பைப் பாதிதான் சொன்னதாகும். தலைவரின் கவர்ச்சி, தொலைநோக்கு, ஊக்கம் என்று பேசும் பகுதி எனக்குப் பெரும்பாலும் காற்று. கம்பெனி நடத்துபவர்களுக்காக எழுதியதில் தொப்பியை மாட்டிவிட்டது போல இருக்கும். விதிவிலக்கு, தலைமை பற்றி எழுதும் பிரிட்டிஷ் அறிஞர் கீத் கிரின்ட். அவர் பிரச்சினைகளை மூன்றாகப் பிரிக்கிறார். தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்ட நெருக்கடி, அங்கே ஆணைதான் வேலை செய்யும். சிக்கலானாலும் விடை தெரிந்த பிரச்சினை, அதற்கு மேலாண்மை. விடையே தெளிவில்லாத, தொட்டால் வேறிடத்தில் வெடிக்கிற பிரச்சினை, அதற்குத்தான் தலைமை. அங்கே தலைவர் பதில் சொல்லக் கூடாது, சரியான கேள்வியைக் கேட்டு எல்லோரையும் உள்ளே இழுக்க வேண்டும். காவல்துறையின் நோய், மூன்றாவது வகையையும் முதல் வகையாக மாற்றிக்கொள்வது. நெருக்கடி என்று அறிவித்துவிட்டால் ஆணையிடலாம், கேட்பவரும் இல்லை, ஆணையிடுபவருக்கும் மிடுக்கு. இளைஞர்களிடையே போதைப்பழக்கத்தை "ஒரு வாரச் சிறப்பு வேட்டை" என்று அறிவிப்பது எந்த வகை என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்: ஷிப்ட் மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் என்ன சொல்கிறார், என்ன சொல்லாமல் போகிறார். முதல் தடை பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிலிருந்து வந்தது. "உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் பேட்டி கேட்டால், அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?" முடியாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார், ஏனென்றால் நான் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டே பழகியவர். ஆகவே என் ஆணைக்கு உட்படாத பிரிவுகளில் மட்டும் பேட்டி என்று ஏற்பாடாயிற்று, யூனிஃபார்ம் இல்லாமல், அலுவலகத்துக்கு வெளியே. இன்னொரு நிபந்தனையும் உண்டு. பேட்டியில் யாராவது கடுமையான தவறைச் சொல்லிவிட்டால் அதை ரகசியமாக வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஆய்வாளனுக்கு ஒரு கடமை, அதிகாரிக்கு ஒரு கடமை, இரண்டும் ஒரே சட்டைக்குள்.

கிடைத்தது இதுதான். பொறுப்பு மாற்றும் பதிவேட்டில் இருப்பவை சாவிகள், வண்டிகள், ஆயுதங்கள், காவலில் இருப்பவர் விவரம். தொலைந்தால் யாராவது மெமோ வாங்குகிற எல்லாமும். எழுத்தில் வராமல் நின்றபடி வாயால் சொல்லப்படுபவை வேறு: அந்த வீட்டுக்குப் போனால் பெரியவரிடம் பேசாதே, மருமகளிடம் பேசு, அந்தப் பையன் ஓடுவான், துரத்தாதே, சாயங்காலம் தானே வருவான். வேலையை நடத்துவது இரண்டாவது வகை. அதைச் சொல்வதற்கு ஷிப்ட் அட்டவணையில் நேரமே ஒதுக்கப்படவில்லை. போகிறவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்தால் அது அன்றைக்கு இல்லாமல் போகும்.

எழுதும் விதத்திலும் ஒரு போராட்டம். நமக்குப் பழக்கமான நடை அறிக்கை நடை: "விசாரிக்கப்பட்டது, தெரிய வருகிறது, நடவடிக்கை எடுக்கப்பட்டது." என் அசைன்மென்ட் ஒன்றின் ஓரத்தில் வழிகாட்டி வரிக்கு வரி "யார்?" என்று எழுதியிருந்தார். விசாரித்தது யார், யாருக்குத் தெரிய வந்தது, எடுத்தது யார். அவர் இலக்கணம் திருத்தியதாகத்தான் முதலில் நினைத்தேன்.

காவலர்களுக்குப் பல்கலைக்கழகம் வேண்டுமா என்பது பழைய சண்டை. அமெரிக்காவில் பெர்க்லி நகரின் காவல் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் 1916-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் காவலர்களுக்கான வகுப்புகள் தொடங்கக் காரணமாக இருந்தார். அவரிடம் பட்டம் எதுவும் கிடையாது, பின்னாளில் பேராசிரியரானார். லண்டன் காவல் ஆணையர் டிரென்சார்டு பிரபு 1934-இல் அங்கே ஹெண்டனில் தொடங்கிய காவல் கல்லூரி 1939-இல் போரோடு மூடப்பட்டது. அது தனியொரு அதிகாரி வர்க்கத்தை உருவாக்குகிறது என்ற மனக்கசப்பு கடைசிவரை இருந்தது. 2014-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெளியாட்களை நேரடியாகக் கண்காணிப்பாளர் பதவியில் எடுத்துப் பார்த்தார்கள், 2019-இல் நிறுத்திவைத்தார்கள். என் கட்சி, கீழிருந்து வந்தவர் மேலே போகும் முன் படிக்க வேண்டும் என்பது. சேர்ந்தவுடன் படித்தால் சந்தேகப்பட எதுவும் இருக்காது, ஓய்வுக்கு முன் படித்தால் மாற்ற எதுவும் இருக்காது. முதல்முறையாக நாலு பேருக்கு டியூட்டி போடும் பொறுப்பு வந்து, அதில் அடிபட்டு, எரிச்சலில் இருக்கும் சமயம் சரியானது.

பகுதிநேரமாகச் சேர நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஆய்வுக்காகத் தகவல் தர உங்கள் மேலதிகாரி வாயால் சம்மதம் சொல்லியிருந்தால் அதை நம்பித் தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள். என்னென்ன பதிவேடுகள், எந்தக் காலத்துக்கு உரியவை, எந்தப் பெயர்களை மறைக்க வேண்டும், எழுதியதை வெளியிடும் முன் துறை பார்க்க வேண்டுமா என்பதெல்லாம் அடங்கிய கடிதமாக, பதவியின் பெயரில், அலுவலக எண்ணோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வேடு முடிவதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். புதிதாக வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு யார் பர்மிஷன் கொடுத்தா?" என்பதாகத்தான் இருக்கும்.